கேளிக்கைப் பூங்காவும் குடும்பக் கணக்கும்

ஒரு குடும்பத்தார் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெரியதொரு கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று, சில நாள் தங்கி, மகிழ்ந்து மீள்வதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? வினா மிக எளியதுபோலத் தோன்றும். பூங்காவின் வாயிலிலே எழுதியிருக்கும் கட்டணத்தைக் குடும்பத்தாரின் தொகையாற் பெருக்கினால் விடை கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், அவ்வாறு கணக்கிட்டுப் புறப்பட்டவர்கள் வீடு திரும்பிய பின்னர்க் கடன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பதையும் உலகம் கண்டுகொண்டே இருக்கின்றது. அந்த எளிய வினாவுக்குச் சரியான விடை காணும் முறை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இந்தப் பொருள் நமக்கு அயலானது என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டியதில்லை. ரொறன்ரோ முதலிய கனடா நகரங்களிலே நம்மவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் வளர்ந்து வருகின்றனர். பள்ளி விடுமுறை வந்ததும் அங்குள்ள குடும்பங்களின் வீடுகளிலே எழும் முதற் பேச்சுக்களில் ஒன்று, புளோரிடாவிலுள்ள டிஸ்னி உலகத்துக்குப் போகலாமா என்பதுதான். எனவே அந்தப் பூங்காவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கின் இயல்பை ஆராய்வோம்.

முதலில் வரலாறு சிறிது அறிதல் வேண்டும். கட்டணம் ஏன் இன்று இத்தன்மையதாக இருக்கின்றது என்பதை வரலாறே விளக்கும். வால்ற் டிஸ்னி என்பார் கலிபோர்ணியா மாநிலத்து அனஹைம் நகரிலே தோடந் தோட்டங்களாக இருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தில் டிஸ்னிலாந்து என்னும் பூங்காவை அமைத்து, 1955ஆம் ஆண்டு யூலை மாதம் 17ஆம் திகதி திறந்து வைத்தார். அப்பொழுது வளர்ந்தோருக்கு வாயிற் கட்டணம் ஒரு டொலர். சிறுவர்க்கு அரை டொலர். உள்ளே சென்றபின் ஒவ்வோர் ஊர்திக்கும் தனித்தனியே பணம் செலுத்த வேண்டும். நம் நாட்டுக் கோயிற்றிருவிழாக்களின் அயலிலும் காணிவேல்களிலும் இராட்டினத்துக்குத் தனிக் காசு, குதிரைச் சுற்றுக்குத் தனிக் காசு என்று வாங்குவதுபோன்ற முறையே அது.

அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சீட்டுப் புத்தகம் ஒன்று விற்பனைக்கு வந்தது. இரண்டரை டொலர் கொடுத்தால் வாயிலுக்குள்ளே நுழைவதோடு எட்டு விளையாட்டுக்களிலும் பங்கு கொள்ளலாம். சீட்டுக்கள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. எளிய விளையாட்டுக்கு ஒரு தரம். மிகுந்த கவர்ச்சியுடைய விளையாட்டுக்கு உயர்ந்த தரம். 1959இல் ‘ஈ’ என்னும் எழுத்துடைய உயர்தரச் சீட்டு வந்தது. மிகச் சிறந்ததை ‘ஈ’ சீட்டு என்று குறிக்கும் வழக்கு அமெரிக்கரின் பேச்சில் இன்றும் நிலவுகின்றது. இந்தச் சீட்டுப் புத்தக முறை 1982இல் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து வாயிலிலே ஒரே கட்டணம் செலுத்திவிட்டு, உள்ளே விரும்பியவற்றில் விரும்பிய முறை ஏறலாம் என்றாயிற்று.

இந்த இரு முறைகளில் எது பூங்காவின் உடைமையாளருக்கு இலாபமானது? இவ்வினாவைப் பொருளியலறிஞர்கள் வெறும் விளையாட்டாகக் கருதவில்லை. வால்டர் ஓய் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1971இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலேயே டிஸ்னிலாந்தின் பெயர் இடம்பெற்றது. வாயிலில் ஒரு கட்டணமும் உள்ளே ஒவ்வொன்றுக்கும் மற்றொரு கட்டணமுமாக வாங்கும் இருபகுதி விலையை அவர் ஆராய்ந்தார். அவர் கருத்தின் சாரத்தை ஓர் உவமையாற் கூறலாம். ஒரு சாப்பாட்டுக் கடையிலே கறி ஒவ்வொன்றுக்கும் காசு என்றால் உண்பவன் எண்ணி எண்ணி வாங்குவான். ஒரே விலைக்கு வேண்டுமட்டும் சோறும் கறியும் என்றால், அவன் மனநிறைவு முழுவதையும் முன்கூட்டியே மதிப்பிட்டு அதற்கேற்ற விலையைக் கடைக்காரன் வாயிலிலேயே பெற்றுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் இராட்டினத்தில் மேலும் ஒருவர் ஏறுவதால் உடைமையாளருக்கு ஏற்படும் மேலதிகச் செலவு மிகச் சொற்பம். ஆகவே ஏறுவதற்கு விலை வைக்காமல் நுழைவதற்கு உயர்ந்த விலை வைத்தலே ஆதாயமாகும்.

ஆயினும் ஏறுவதற்கு விலை இல்லையென்றால் எல்லாரும் ஏற விரும்புவர், வரிசை நீளும். காசாகக் கொடாத விலையை மக்கள் காலமாகக் கொடுக்க நேர்ந்தது. 1999இல் வரிசையில் நில்லாது குறித்த நேரத்தில் வந்து ஏறுவதற்குரிய சீட்டொன்று இலவசமாக வழங்கப்படலாயிற்று. 2021இல் புளோரிடாவில் அந்த இலவச முறைக்குப் பதிலாக, ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டொலர் தொடக்க விலையில் வரிசை தவிர்க்கும் உரிமை விற்கப்பட்டது. இன்று அதன் விலை நாளுக்கு நாள் வேறுபடுகின்றது. மிகப் புகழ்பெற்ற சில விளையாட்டுக்களுக்கு அவ்வுரிமையைத் தனித்தனியே வாங்குதல் வேண்டும். 1955இன் தனிக்காசு முறை வேறு வேடத்தில் மீண்டும் வந்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது. இதனால் நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. பூங்காவின் விலை மூன்று வகைப்படும்: வாயிலிற் கொடுப்பது, உள்ளே கொடுப்பது, வரிசையிலே காலமாகக் கொடுப்பது. முதலாவதை மட்டும் கணக்கிற் சேர்ப்பவர் மற்றை இரண்டையும் மறந்தவராவர்.

வாயிற் கட்டணமும் ஒரே நிலையில் நிற்பதன்று. 2016ஆம் ஆண்டிலிருந்து டிஸ்னிப் பூங்காக்களில் ஒருநாட் சீட்டின் விலை கூட்டம் மிகுந்த நாளுக்கு ஒன்றாகவும் குறைந்த நாளுக்கு மற்றொன்றாகவும் வகுக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் புளோரிடாவில் பலநாட் சீட்டுக்களுக்கும் திகதிவாரியான விலை வந்தது. கலிபோர்ணியாவில் 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட விலைப்படி, ஒருவருக்கு ஒரு பூங்காவில் ஒரு நாளுக்குரிய மிகக் குறைந்த கட்டணம் 104 டொலர். மிகக் கூடியது 206 டொலர். அதே வாயில், அதே விளையாட்டுக்கள். திகதி ஒன்றே வேறு. அமெரிக்காவிற் பொதுவான விலைவாசி 1955இலிருந்து 2024 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு ஏறியிருக்கின்றது. அதன்படி அன்றைய இரண்டரை டொலர்ச் சீட்டுப் புத்தகம் ஏறத்தாழ முப்பது டொலராகியிருத்தல் வேண்டும். அன்றைய புத்தகம் எட்டு விளையாட்டுக்கே உரியது என்பதை ஒப்புக்கொண்டாலும், பூங்காவின் விலை நாட்டின் விலைவாசியை வெகுதூரம் முந்திச் சென்றுவிட்டது தெளிவு. எனவே பத்தாண்டுக்கு முன் சென்று வந்த உறவினர் சொல்லும் தொகையை நம்பி இன்றைய கணக்கை எழுதுதல் தகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். தந்தை, தாய், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன் ஆகிய நால்வர் கொண்ட ரொறன்ரோக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்கள் சனியும் ஞாயிறும் மோட்டார்க் காரிற் பயணஞ் செய்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் ஒர்லாண்டோ நகரின் அயலிலே தங்கி, நான்கு நாள் பூங்காக்களுக்குச் சென்று, நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்து, அடுத்த சனியும் ஞாயிறும் திரும்புகின்றனர். இங்கே நான் கூறும் விலைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. உண்மையான விலையைத் தத்தம் பயணத் திகதிக்கு ஏற்பக் கேட்டறிந்து நிரப்பிக்கொள்ளல் வேண்டும். தொகைகள் யாவும் அமெரிக்க டொலரிலே கூறப்படும்.

முதலாவது, அனுமதிச் சீட்டு. இங்கே வயது பற்றிய விதியைக் கவனித்தல் வேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரை சிறுவர் கட்டணம். பத்து வயதானவுடன் அப்பிள்ளை பூங்காவின் கணக்கில் வளர்ந்தவராகிவிடுகின்றது. சிறுவர் கட்டணம் என்பதும் நம் நாட்டுப் பேருந்துகளிற்போல அரைக் கட்டணம் அன்று. முழுக் கட்டணத்திற் சிறிதளவே குறைந்தது. நான்கு நாட் சீட்டு வளர்ந்தோருக்கு 560 டொலர், சிறுவருக்கு 540 டொலர் என்று வைத்துக்கொண்டால், வளர்ந்தோராகக் கணிக்கப்படும் மூவருக்கு 1,680; மகனுக்கு 540; ஆக 2,220. அறிவித்த விலையில் விற்பனை வரி அடங்காது என்பது அமெரிக்க வழக்கம். ஒர்லாண்டோ அமைந்த ஒறேஞ்ச் கவுண்டியில் அவ்வரி 6.5 வீதம். அதனையுங் கூட்டினால் 2,364 டொலர்.

இரண்டாவது, தங்குமிடம். இரவொன்றுக்கு 180 டொலர் வாடகையுடைய விடுதியில் ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு இரவுக்கு 1,080. விடுதி வாடகைக்கு விற்பனை வரியோடு உல்லாசப் பயண வரி 6 வீதமும் சேர்வதால் மொத்தம் 12.5 வீத வரி. அதற்கு 135. ஆக 1,215 டொலர். இதன்றிச் சில விடுதிகள் வேறொரு நாட்கட்டணத்தையும் பட்டியலின் அடியிலே சேர்ப்பதுண்டு. அறையைப் பதிவு செய்யுமுன் ‘எல்லாம் உட்பட எவ்வளவு?’ என்று கேட்டல் அறிவுடைமை.

மூன்றாவது, உணவு. ஆள் ஒருவருக்குக் காலை 8, நண்பகல் 18, இரவு 22, இடையிடையே பானமும் சிற்றுண்டியும் 7 என்று வைத்தால், நாளொன்றுக்கு 55 டொலர். நால்வருக்கு 220, ஐந்து நாளுக்கு 1,100. உணவு பரிமாறுபவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பும் இதனுள் அடங்குவதாகக் கொள்வோம். அமெரிக்க உணவுச்சாலைகளில் அது விருப்பமாகக் கொடுப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் எதிர்பார்க்கப்படும் ஒரு செலவேயாகும்.

நான்காவது, பூங்காவுக்குட் செல்லும் சிறு செலவுகள். வரிசை தவிர்க்கும் உரிமையை இரண்டு நாளுக்கு மட்டும் ஆளொன்றுக்கு 25 டொலராக வாங்கினால் 200. கார் நிறுத்துவதற்கு நாளொன்றுக்கு 30 டொலராக நான்கு நாளுக்கு 120. பிள்ளைகள் இருவரும் நினைவுப் பொருள் வாங்குவதற்கு 100. ஐந்தாவது, மருத்துவக் காப்புறுதி. கனடா மாகாணங்களின் அரசாங்க மருத்துவத் திட்டம் வெளிநாட்டில் ஏற்படும் மருத்துவச் செலவிற் சிறு பகுதியையே ஏற்கும். அமெரிக்காவிலோ மருத்துவமனைச் செலவு மிகப் பெரிது. எனவே காப்புறுதிக்கு 100 என்று ஒதுக்குவோம். இதனை வேண்டாச் செலவென்று நீக்குதல் ஒருபோதும் தகாது.

ஆறாவது, போக்குவரத்து. ரொறன்ரோவிலிருந்து ஒர்லாண்டோ ஏறத்தாழ 2,050 கிலோமீற்றர். போய்வர 4,100. நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் பெற்றோல் செல்லுமானால் 410 லீற்றர். லீற்றர் 90 சதமானால் 369 டொலர். போகும்போதும் வரும்போதும் வழியிலே ஒவ்வோர் இரவு தங்குவதற்கு 240. வழியிலே நான்கு நாள் உணவுக்கு ஆளொன்றுக்கு 30 டொலராக 480. ஆகப் பயணச் செலவு 1,089. பெற்றோற் செலவை மட்டும் எண்ணியிருந்தவர் இதன் மூன்றிலொரு பங்கையே எண்ணியிருப்பார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தான்.

எல்லாவற்றையும் கூட்டுவோம். சீட்டு 2,364; தங்குமிடம் 1,215; உணவு 1,100; வரிசை தவிர்க்கும் உரிமை 200; கார் நிறுத்தம் 120; நினைவுப் பொருள் 100; காப்புறுதி 100; போக்குவரத்து 1,089. மொத்தம் 6,288 அமெரிக்க டொலர். எதிர்பாராச் செலவுக்குப் பத்திலொன்று 629 சேர்த்தால் 6,917. இந்தக் குடும்பம் சம்பாதிப்பதோ கனடா டொலர். ஓர் அமெரிக்க டொலருக்கு 1.40 கனடா டொலர் என்று கொண்டால் 9,684 கனடா டொலர் வேண்டும். நாணய மாற்று வீதம் எவ்வளவு முக்கியமானது என்பதையும் இங்கே காணலாம். 2012ஆம் ஆண்டளவில் இரு நாட்டு டொலர்களும் ஏறத்தாழச் சம மதிப்புடையனவாக இருந்தன. அன்றைய வீதமானால் இதே பயணத்துக்கு ஏழாயிரம் கனடா டொலர் போதியதாகும்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, அனுமதிச் சீட்டு மொத்தச் செலவில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்குதான். சீட்டும் பெற்றோலும் மட்டுமே செலவென்று எண்ணியவர் 2,733 டொலருடன் புறப்பட்டிருப்பார். அவருக்கு வேண்டியதோ அதன் இரண்டரை மடங்கு. பெரும்பாலான ஏமாற்றங்கள் விளைவது இந்த இடைவெளியிலேதான்.

இரண்டாவது உண்மை, ஒரு நாளைக் கூட்டுவது பற்றியது. பலநாட் சீட்டில் நாள் கூடக்கூட, கூடிய நாளின் விலை குறைந்துகொண்டே போகும். ‘இன்னும் ஒரு நாளுக்குச் சிறு தொகைதானே’ என்று மனம் சொல்லும். ஆனால் அந்த ஒரு நாள் தனியே வருவதில்லை. அதனோடு விடுதியில் ஓரிரவு, வரியுடன் 202 டொலர் 50 சதம், உணவு 220, கார் நிறுத்தம் 30, ஆக 452 டொலர் 50 சதம் உடன் வருகின்றது. மலிந்த சீட்டு விலையுயர்ந்த நாளை இழுத்து வருகின்றது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது உண்மை, காலத்தைப் பற்றியது. வரியுடன் கூடிய சீட்டுச் செலவாகிய 2,364 டொலரை நால்வரின் நான்கு நாளால், அதாவது பதினாறால் வகுத்தால், ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 148 டொலர். ஒரு நாளில் பத்து விளையாட்டுக்களில் ஏறினால் ஒன்றின் விலை ஏறத்தாழ 15 டொலர். வரிசை நீண்டு ஐந்தில் மட்டுமே ஏற முடிந்தால் அதுவே 30 டொலர். ஆகவே கூட்டம் மிகுந்த நாளிற் செல்பவர் சீட்டுக்கும் கூடுதல் கொடுத்து, ஏறும் ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்பு விலையும் கொடுக்கின்றார். பூங்காவை அமைத்தவர்களும் இதனை அறியாதவரல்லர். டிஸ்னிலாந்துக்கு இடந் தெரிவதற்காக 1953இல் ஆராய்ச்சி நடத்திய ஹரிசன் பிறைஸ் என்னும் அறிஞர், மக்கட் பெருக்கம், பெருந்தெருக்கள், காலநிலை ஆகியவற்றையெல்லாம் எண்ணால் ஆராய்ந்த பின்னரே அனஹைமைத் தெரிந்தெடுத்தார். பூங்காவின் உடைமையாளர் இத்துணைக் கணக்குப் பார்த்து வாயிலைத் திறந்திருக்க, உட்செல்லும் குடும்பத்தார் மட்டும் கணக்கின்றிச் செல்வது பொருந்துமா?

செலவைக் குறைக்கும் வழிகள் யாவை? முதல் வழி திகதியைத் தெரிதல். நத்தார் வாரமும் பங்குனி மாதப் பள்ளி விடுமுறையும் விலையும் கூட்டமும் உச்சமடையும் காலங்கள். விலை குறைந்த நாள்கள் பள்ளி நடைபெறும் நாள்களாகவே பெரும்பாலும் அமைகின்றன. ஆகவே பிள்ளைகளைப் பள்ளியினின்றும் மறித்து அழைத்துச் செல்லும் பெற்றோர் உளர். கல்விப் பணியிலே ஆண்டு பல கழித்தவன் என்ற முறையில் அதனை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு வாரப் பாடத்தின் இழப்பு எந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் அதனைப் பிள்ளையே செலுத்துகின்றது. நல்ல வேளையாக வேறொரு வழி உண்டு. புளோரிடாவிலே பள்ளிகள் ஓகஸ்ட் நடுப்பகுதியளவில் மீண்டும் தொடங்கிவிடுகின்றன. ஒன்ராறியோ மாகாணத்திலோ செப்டெம்பர் முதற் கிழமையில் வரும் தொழிலாளர் தினத்தின் பின்னரே பெரும்பாலும் பள்ளி திறக்கும். ஆகவே ஓகஸ்ட் மாதக் கடைசி இரு வாரங்களிலே ரொறன்ரோப் பிள்ளைகள் பாடம் இழவாமலே, கூட்டமும் விலையும் தணிந்த நாள்களைப் பெறலாம். வெப்பம் மிகுதி என்பதையும், யூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிப் பருவம் என்பதையும் மனத்திற் கொண்டு, மாற்றக்கூடிய பதிவுகளையே செய்துகொள்ளல் வேண்டும்.

இரண்டாவது வழி உணவிலே உண்டு. டிஸ்னிப் பூங்காக்களுக்குள் வீட்டுணவைக் கொண்டு செல்லத் தடையில்லை. உள்ளேயுள்ள விரைவுணவுக் கடைகளிற் குளிர்நீரை ஒரு குவளையில் இலவசமாகவே கேட்டுப் பெறலாம். சிறு அடுக்களையுடைய விடுதியைத் தெரிந்து, காலையுணவை அங்கே முடித்து, நண்பகலுக்குக் கட்டுச்சோறு கொண்டு சென்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 20 டொலர் மிஞ்சும். நால்வருக்கு ஐந்து நாளில் 400 டொலர். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு யாத்திரை போகும் பழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. அதனை அங்கே கைவிட வேண்டிய தேவையும் இல்லை.

மூன்றாவது வழி, பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பார்த்தல். வேகமான ஊர்திகளுக்கு உயர வரம்பு உண்டு. புளோரிடாவின் விண்வெளி மலை என்னும் ஊர்தியில் ஏற 112 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். எட்டாத பிள்ளைக்கும் முழுச் சீட்டு வாங்கிக்கொண்டுபோய், அங்கே நின்று அழவைப்பதைக் காட்டிலும், ஓராண்டு பொறுத்துச் செல்வது பணத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

ஆகாய விமானமா, மோட்டார்க் காரா என்பதும் அடிக்கடி எழும் வினா. விமானச் சீட்டு நால்வருக்கு 1,600 டொலர், அங்கே வாடகைக் காருக்கு 300 என்று கொண்டால் 1,900. காரிற் செல்வதைவிட 811 டொலர் கூடுதல். இதனைச் சிலர் வீண் செலவென்பர். நான்கு நாட் களைப்பினின்றும் தப்புவதற்குரிய விலையென்று சிலர் கொள்வர். இரண்டும் சரியே. இதில் விடையை எண் சொல்லாது. குடும்பத்தாரின் உடல்நிலையும் விருப்பமுமே சொல்லும். எண் செய்வதெல்லாம் விலையை மறையாமல் எடுத்துக் காட்டுவதே.

இனி, எல்லாவற்றிலும் மேலான வினா ஒன்றுண்டு. அந்த 9,684 கனடா டொலர் எங்கிருந்து வருகின்றது? ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தீர்மானித்து மாதந்தோறும் 538 டொலர் ஒதுக்கி வைத்தால் பயணத்தன்று பணம் கையிலே இருக்கும். அவ்வாறன்றி, முழுவதையும் கடனட்டையில் ஏற்றி, ஆண்டுக்கு 20 வீத வட்டியில் மாதம் 300 டொலராகக் கட்டித் தீர்க்க நினைத்தால் என்னாகும்? கடன் தீர ஏறத்தாழ நாற்பத்தேழு மாதம் செல்லும். வட்டி மட்டும் 4,300 டொலருக்கு மேலாகும். ஏழு வயதிற் போய்வந்த மகன் பதினொரு வயதை அணுகும்போதுதான் அவன் தந்தை அந்த ஐந்து நாளுக்குரிய கடைசித் தவணையைச் செலுத்துவார். சிறுவர் கட்டணத்திற் சென்றவன், கடன் தீருமுன்னே பூங்காவின் விதிப்படி வளர்ந்தவனாகிவிடுவான்.

பிள்ளைகள் மகிழ்வதற்குச் செலவிடுதல் தவறென்று நான் கூறவில்லை. வெளிநாட்டில் இரவும் பகலும் முறை மாறி உழைக்கும் பெற்றோர், பிள்ளைகளோடு முழுமையாக இருக்கும் நாள்கள் ஆண்டில் மிகச் சிலவே. அந்நாள்களுக்கு விலை மதிக்க இயலாது. ஆனால் விலை மதிக்க இயலாத நாள்களுக்கும் விலைப்பட்டியல் ஒன்று வந்தே தீரும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது கருமித்தனத்தின் மொழியன்று. கொடுப்பவன் தன் கையின் அளவை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் அறிவுரை.

ஆதலின், பயணத்தை எண்ணும் குடும்பத்தார் ஒரு மாலைப்பொழுதிலே ஒன்றாக அமர்ந்து, ஒரு தாளில் இடப்பக்கம் செலவின் பெயரையும் வலப்பக்கம் தொகையையும் எழுதுவார்களாக. கூட்டும் வேலையைப் பதினொரு வயது மகளிடமே விடலாம். நினைவுப் பொருளுக்குரிய 50 டொலர் தன் பங்கென்று முன்பே அறிந்த பிள்ளை, கடைவாயிலில் அடம்பிடிப்பதில்லை. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று தானே எண்ணத் தொடங்கும். கூட்டுத்தொகை கைக்கு மீறியதாயின் நாளைக் குறைக்கலாம், ஆண்டைத் தள்ளலாம், அருகிலுள்ள சிறிய பூங்காவைத் தெரியலாம். எதைத் தீர்மானித்தாலும், தாளைப் பார்த்துத் தீர்மானித்தல் வேண்டும். பெற்றோரின் முகத்திலே கடன் கவலை இல்லாதபோதுதான், பிள்ளைகள் ஏறும் இராட்டினம் அவர்களுக்கு முழு இன்பம் தரும்.